தகுதிச் சான்றிதழ் இல்லாத விமானத்துக்கு யார் வழிவிட வேண்டும்?

ஓசூரிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கி வரும் லாரி சேஸிஸ்கள் சேலத்துக்காரர்களுக்குப் பழகிய காட்சி. கேபின் கிடையாது, பாடி கிடையாது. எஞ்சினுக்குப் பின்னால் ஒப்புக்கு ஓர் இருக்கை, அதில் தலையில் துண்டைச் சுற்றிக் கட்டிய ஓட்டுநர், முன்பக்கம் ஒட்டிய டி.ஆர். எனும் தற்காலிகப் பதிவு எண். நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ பாடி கட்டி, எஃப்.சி. வாங்கிய பிறகுதான் அது லாரி. அதுவரை முழுத் தகுதி பெறாத வண்டிதான். ஆனாலும் ஓடுகிறது. ஓடாவிட்டால் தகுதி பெற வேண்டிய இடத்துக்கே அது போய்ச் சேராது என்பதால் சட்டமே அதற்கு ஒரு தற்காலிக வழி வைத்திருக்கிறது.

விமானத்துக்கும் இதே சிக்கல் உண்டு. பரிசோதனை தேதி கடந்துவிட்டது, அல்லது ஏதோ பழுது. சரிசெய்யும் பட்டறை வேறு ஊரில், பல நேரம் வேறு நாட்டில். பறந்தால்தான் பட்டறைக்குப் போக முடியும். பட்டறைக்குப் போனால்தான் பறக்கும் தகுதி கிடைக்கும். இதற்காகத்தான் சிறப்புப் பறப்பு அனுமதி என்ற ஒன்று உலகெங்கும் இருக்கிறது. லாரியோடு ஒற்றுமை இங்கே முடிந்துவிடுகிறது. டி.ஆர். எண் ஒட்டிய சேஸிஸ் காஷ்மீர் வரை போகலாம், ஏனென்றால் வழி முழுவதும் ஒரே நாட்டுச் சட்டம். விமானத்தின் சிறப்பு அனுமதியோ, அதைக் கொடுத்த நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் கீழே வரும் ஒவ்வொரு நாடும் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும். கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு விமானத்தை இயக்குபவருடையது. சொந்த நாட்டு அனுமதி கைக்கு வந்ததும் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள்தான் இந்த விஷயத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் 1993-இல் திறக்கப்பட்ட சேலம் விமான நிலையம், ஆண்டுக்கணக்கில் விமானமே வராமல் கிடந்த காலமும் உண்டு. இப்போது பயணிகள் சேவையும் இருக்கிறது, விமானிப் பயிற்சிக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. விமானங்கள் வந்து இறங்கிப் போகும் ஊர் என்பதைத் தாண்டி, விமானங்கள் நிறுத்திவைத்துப் பராமரிக்கப்படும் ஊராகவும் சேலம் மாறுகிறது. எனவே இந்தக் கேள்வி நமக்கு அவ்வளவு தூரத்துக் கேள்வி அல்ல.

முதலில் அந்தச் சான்றிதழ் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். இரண்டே விஷயம்: இந்த விமானம் அங்கீகரிக்கப்பட்ட வடிவமைப்பின்படி இருக்கிறது, பாதுகாப்பாகப் பறக்கும் நிலையில் இருக்கிறது. இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. தரும் தகுதிச் சான்றிதழுக்குத் துணையாகத் தகுதி மறுஆய்வுச் சான்றிதழ் ஒன்று உண்டு. அதன் ஆயுள் ஓராண்டு. அது காலாவதியானால் மூலச் சான்றிதழ் சட்டகத்தில் மாட்டியிருந்தாலும் செல்லாது. கட்டாயப் பரிசோதனை ஒன்றைத் தவறவிட்டாலும், உற்பத்தியாளர் நாட்டின் பாதுகாப்பு உத்தரவை நிறைவேற்றாவிட்டாலும், இறக்கையில் அடிபட்டாலும், பதிவே ரத்தானாலும் இதே கதிதான்.

இவற்றுக்குள் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. தேதி கடந்தது என்பதற்காகத் தகுதி இழந்த விமானம் நேற்று இருந்தபடியேதான் இன்றும் இருக்கிறது, காகிதம்தான் செத்துப்போயிற்று. சக்கரம் மடங்காத விமானமோ நிஜமாகவே பழுதானது. சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே வரிசைதான். ஆனால் அனுமதி தரும் அதிகாரியும் வழியில் உள்ள நாடுகளும் இரண்டையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது.

சிறப்பு அனுமதிக்கான விண்ணப்பத்தில் எந்த விமானம், எங்கிருந்து எங்கே, எந்த வழியாக, யார் ஓட்டுகிறார், எந்த விதத்தில் தகுதிக் குறைவு, அதை மீறிப் பாதுகாப்பாகப் பறக்க என்னென்ன கட்டுப்பாடு தேவை என்று எழுத வேண்டும். விமானத்தின் உயிர் இருப்பது கடைசி இரண்டு கேள்விகளில்தான். உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் விமானத்தைச் சுற்றிவந்து, மூடிகளைத் திறந்து, எஞ்சினை ஓட்டிப் பார்த்து, ‘இந்த ஒரு பயணத்துக்குப் பாதுகாப்பான நிலையில் இருக்கிறது’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து வரும் முத்திரைகளை எல்லாம் விட இந்தக் கையெழுத்துதான் கனமானது என்பது என் கருத்து. அனுமதி தரும் அதிகாரி விமானத்தைப் பெரும்பாலும் நேரில் பார்ப்பதில்லை. பொறியாளர் பார்த்திருக்கிறார், தொட்டிருக்கிறார்.

கட்டுப்பாடுகள் அந்தந்தக் குறைபாட்டைப் பொறுத்து அமையும். பயணிகள் கூடாது, சரக்கு கூடாது, ஓட்டுவதற்குத் தேவையானவர்கள் மட்டுமே ஏறலாம் என்பது ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். பகலில் மட்டும், மேகத்துக்குள் நுழையாமல், கண்ணால் தரையைப் பார்த்தபடி பறக்க வேண்டும் என்பதும் அடிக்கடி வரும். சக்கரத்தில் சந்தேகம் இருந்தால் அதை மடக்காமல் இறக்கிய நிலையிலேயே பூட்டிவிட்டுப் போகச் சொல்வார்கள். வேகம் குறையும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், அதற்கேற்ப நிறுத்தங்களும் மாறும். உள்காற்றழுத்தம் பிடிக்கவில்லை என்றால் உயரத்துக்கு வரம்பு போடுவார்கள். மக்கள் அடர்ந்த ஊர்களுக்கு மேலே போகக் கூடாது என்பார்கள்.

காமலாபுரத்திலிருந்து ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று இப்படிப்பட்ட அனுமதியோடு சென்னைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே சேர்வராயன் மலை 1,600 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது, அதைத் தாண்டினால் கல்வராயன் மலை. வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் இரண்டு மலைகளுக்கும் மேலேதான் போக வேண்டும். எஞ்சின் நின்றால் இறங்க ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் இடம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மலை உச்சியே மேகத்துக்குள் இருக்கும். விவரம் தெரிந்தவர் சேலம் நகரத்தை ஒதுக்கிவிட்டுத் தெற்கே சுற்றி, ஆத்தூர் பக்கத்துச் சமவெளி வழியாகக் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் என்றுதான் கோடு போடுவார். கீழே வயலும் நெடுஞ்சாலையும் இருக்கின்றன. பயண நேரம் கூடும். அந்தக் கூடுதல் நேரம்தான் அனுமதியின் விலை.

இதுவரை சொன்னது உள்நாட்டு விவகாரம். எல்லையைத் தாண்டும்போது எந்தச் சட்டம் பேசுகிறது?

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கைதான் இன்றும் அடிப்படை. அதன் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளி மீது முழு இறையாண்மை உண்டு என்கிறது. 31-ஆவது பிரிவு, எல்லை தாண்டும் ஒவ்வொரு விமானமும் பதிவு செய்த நாடு கொடுத்த அல்லது ஏற்ற தகுதிச் சான்றிதழை வைத்திருக்க வேண்டும் என்கிறது. 33-ஆவது பிரிவுதான் உலக விமானப் போக்குவரத்தைச் சாத்தியமாக்கியது: குறைந்தபட்ச சர்வதேசத் தரத்துக்குக் கீழே போகாத வரை, ஒரு நாடு கொடுத்த சான்றிதழை மற்ற நாடுகள் செல்லும் என்று ஏற்றாக வேண்டும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் சென்னையிலிருந்து லண்டன் போகும் விமானம் வழியில் உள்ள ஒவ்வொரு நாட்டிலும் பரிசோதனைக்கு நிற்க வேண்டியிருக்கும்.

சிறப்பு அனுமதிக்கு அந்த வரி உதவாது. ‘இந்த விமானம் தரத்தை எட்டவில்லை, ஆனாலும் பறக்கட்டும்’ என்பதுதான் அந்தக் காகிதத்தின் பொருள். தரத்தை எட்டவில்லை என்று தானே ஒப்புக்கொள்ளும் ஆவணத்தை ஏற்க எந்த நாட்டுக்கும் கடமை இல்லை. தரக்குறைவு குறிக்கப்பட்ட சான்றிதழோடு வரும் விமானங்களைப் பற்றிப் பேசும் 40-ஆவது பிரிவும் இதே திசையில்தான் போகிறது: நுழையும் நாட்டின் அனுமதி இல்லாமல் அவை சர்வதேசப் பறப்பில் ஈடுபடக் கூடாது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதை ஐரோப்பா 2019-இல் பார்த்தது. இரண்டு விபத்துகளுக்குப் பின் அந்த ஆண்டு மார்ச்சில் போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் உலகம் முழுவதும் தரையிறக்கப்பட்டன, இந்தியாவும் நிறுத்தியது. பயணிகள் இல்லாமல் பட்டறைக்கோ நிறுத்துமிடத்துக்கோ கொண்டுபோக மட்டும் ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு விதிவிலக்கு வைத்திருந்தது. ஜூன் மாதத்தில் நார்வீஜியன் நிறுவனத்தின் மேக்ஸ் ஒன்று ஸ்பெயினின் மலகாவிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குக் காலியாகக் கிளம்பியது. பிரான்ஸ் வரை தடையில்லை. ஜெர்மனி தன் வான்வெளிக்குள் விட மறுத்துவிட்டது. விமானம் பிரான்சுக்கு மேலேயே வட்டமடித்து, கடைசியில் பாரிசுக்குக் கிழக்கே உள்ள ஷாலோன் வாட்ரி நிலையத்தில் இறங்கியது. ஒரே ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் இருக்கும் நாடுகளுக்குள்ளேயே இப்படி என்றால், வெவ்வேறு சட்டங்கள் கொண்ட ஆசிய நாடுகளுக்குள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் ஐஸ்லாண்டேர் நிறுவனம் தன் மேக்ஸ் விமானங்களைக் குளிர்காலத்துக்காகத் தெற்கு பிரான்சுக்குக் கொண்டுபோனது. அதில் கவனிக்க வேண்டியது விமானம் பறந்த விதம். அந்த விபத்துகளுக்குக் காரணமான தானியங்கி அமைப்பு, இறக்கையின் விளிம்பில் இறக்கி ஏற்றும் தகடான ஃபிளாப் இறங்கியிருக்கும்போது வேலை செய்யாது. எனவே ஃபிளாப்பைச் சற்று இறக்கியபடியே, வழக்கத்தைவிடத் தாழ்வாக, மெதுவாகப் பறந்தார்கள். எது ஆபத்தோ அது தலைதூக்கவே முடியாதபடி பயணத்தை வடிவமைப்பதுதான் நல்ல கட்டுப்பாட்டின் அழகு. ‘கவனமாக ஓட்டவும்’ என்று எழுதுவது கட்டுப்பாடு ஆகாது.

இப்போது கற்பனையாக ஒரு விமானத்தைச் சேலத்தில் நிறுத்துவோம். அமெரிக்கப் பதிவு பெற்ற, இரட்டை எஞ்சின் கொண்ட தனியார் விமானம். உரிய அனுமதியோடு இந்தியாவுக்குள் வந்து, காமலாபுரத்தில் நின்றிருக்கும்போது கட்டாயப் பரிசோதனையின் தேதி கடந்துவிட்டது. அமெரிக்க விதிப்படி அதைச் செய்யத் தகுதியான பட்டறை சிங்கப்பூரின் செலேத்தாரில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

அனுமதி தர வேண்டியது முதலில் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. விமானம் எங்கே நின்றாலும் பதிவு எந்த நாட்டிலோ அந்த நாடுதான் தாய்வீடு. அமெரிக்க விதிகளின் 21.197 பிரிவு இதற்கான காரணங்களை வரிசைப்படுத்துகிறது: பழுதுபார்க்கும் இடத்துக்கோ நிறுத்திவைக்கும் இடத்துக்கோ கொண்டுசெல்வது, விற்ற விமானத்தை ஒப்படைப்பது, புதிய விமானத்தின் சோதனைப் பறப்பு, ஆபத்து நெருங்கும் பகுதியிலிருந்து அப்புறப்படுத்துவது போன்றவை. கடலைத் தாண்டக் கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்தி, அனுமதித்த எடையை மீறிப் பறப்பதற்கும் இதிலேயே இடம் உண்டு. 8130-6 என்ற படிவத்தில் விண்ணப்பித்தால் 8130-7 என்ற சான்றிதழ் வரும். வழக்கமான தகுதிச் சான்றிதழ் வெள்ளைத் தாள், இது இளஞ்சிவப்பு. கூடவே கட்டுப்பாடுகள் அடங்கிய தாள். வேற்று நாட்டின் மேல் பறக்க அந்த நாட்டின் அனுமதி வேண்டும் என்பதை அமெரிக்காவே தெளிவாக வைத்திருக்கிறது.

அந்த இளஞ்சிவப்புத் தாளுக்கு முதல் வெளிநாடு எது? இந்தியாதான். காமலாபுரத்திலிருந்து கிளம்பும் அந்த நொடியே விமானம் வேற்று நாட்டு மண்ணின் மேல் இருக்கிறது. ஆகவே டி.ஜி.சி.ஏ.யின் சம்மதம் இல்லாமல் எஞ்சினை முடுக்குவதில் பொருளில்லை. சம்மதம் வந்த பிறகும் பறப்புத் திட்டத்துக்கான எண், வான்பாதுகாப்பு அனுமதி எண் ஆகிய வழக்கமான நடைமுறைகள் தனி. சேலத்தில் சுங்கமும் குடியேற்றமும் இல்லை என்பதால் நேராக வெளிநாடு போகவும் முடியாது. சென்னையிலோ திருச்சியிலோ இறங்கி நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

சென்னையிலிருந்து தாய்லாந்தின் புக்கெட் வரை வங்காள விரிகுடா. இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. சென்னை வான்தகவல் பகுதி கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடலுக்குள் நீள்கிறது. அது முழுவதும் இந்திய வான்வெளி என்று நினைக்கிறார்கள். இல்லை. அது விமானங்களுக்குத் தகவலும் வழிகாட்டுதலும் தரும் பொறுப்பு எல்லை. இறையாண்மை கரையிலிருந்து 12 கடல் மைலோடு நின்றுவிடுகிறது. ஆழ்கடலுக்கு மேல் எந்த நாட்டின் சம்மதமும் தேவையில்லை. சர்வதேச விதிகளைப் பின்பற்றினால் போதும். ஆகவே ஒரு நாடு மறுத்தால் கடல்வழியாக அதைச் சுற்றிப் போகும் வாய்ப்பு இருக்கிறது. மலகா விமானத்துக்கு அந்த வசதி எளிதில் இல்லை, நமக்கு இருக்கிறது. ஆனால் நடுவில் அந்தமான் நிக்கோபார் தீவுகள் வருகின்றன, அவை மீண்டும் இந்தியா. அடுத்து தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் தனித்தனியாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு நாடும் கேட்பது ஏறக்குறைய ஒன்றேதான்: அனுமதியின் நகல், கட்டுப்பாடுகள், பதிவுச் சான்று, விமானிகளின் உரிமம், காப்பீடு, வழி, தேதி, காரணம். தலைவலி அங்கில்லை, தேதிகளில் இருக்கிறது. சிறப்பு அனுமதிக்கு ஒரு கால வரம்பு. ஒவ்வொரு நாட்டின் சம்மதத்துக்கும் ஒரு கால வரம்பு. எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேர வேண்டும். ஒரு நாடு பண்டிகை விடுமுறையில் இருந்தால் மற்றவை காலாவதியாகத் தொடங்கும். பகலில் மட்டும், மேகமில்லாமல் என்ற கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டால், மழைக்காலத்து வங்காள விரிகுடாவில் அந்த வாரம் கிடைப்பதே அரிது.

நாடுகள் முன்கூட்டியே சம்மதித்துவைத்த விதிவிலக்குகளும் உண்டு. வீட்டிலேயே கட்டிய சிறு விமானங்களுக்கு முழுத் தகுதிச் சான்றிதழ் கிடையாது. அவற்றை வரவேற்கும்படி ஐரோப்பிய விமானப் போக்குவரத்து மாநாடு 1980-இல் தன் உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. அமெரிக்காவும் கனடாவும் அத்தகைய விமானங்களுக்குப் பொதுவான அனுமதியையே வெளியிட்டு வைத்திருக்கின்றன. தரவிறக்கி விமானத்தில் வைத்துக்கொண்டால் போதும். தெற்காசியாவில் இப்படி ஒன்று வருவதற்கு நியாயமான தடை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கேட்பாரில்லை, அவ்வளவுதான்.

உடன்படிக்கையின் 8-ஆவது இணைப்பில் ஒரு சுவையான விதி இருக்கிறது. வேற்று நாட்டில் விமானம் சேதமடைந்தால் அந்த நாடு அதைப் பறக்கவிடாமல் தடுக்கலாம். உடனே பதிவு நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு முடிவு பதிவு நாட்டின் கையில். அது கட்டுப்பாடுகளை வகுத்து, கட்டணப் பயணிகள் இல்லாமல் பழுதுபார்க்கும் நிலையத்துக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டால், தடுத்த நாடு விட்டாக வேண்டும். தடுத்த நாடு சொன்ன கட்டுப்பாடுகளையும் பதிவு நாடு கணக்கில் எடுக்க வேண்டும் என்பது பேரத்தின் மறுபாதி. ஆனால் இந்தக் கடமை தடுத்த நாட்டுக்கு மட்டுமே. வழியில் உள்ள மற்ற நாடுகள் வழக்கம்போல ‘முடியாது’ என்று சொல்லலாம். 2025-இல் திருவனந்தபுரத்தில் ஒரு மாதத்துக்கு மேல் நின்ற பிரிட்டிஷ் எஃப்-35 போர் விமானத்தை வைத்து இதை யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ராணுவ விமானங்களுக்கு இந்த உடன்படிக்கையே பொருந்தாது. அது அரசுகளுக்கு இடையிலான விவகாரம்.

விமானம் நாட்டையே மாற்றும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. சேலத்துக்கும் சேவை நடத்திய கிங்ஃபிஷர் 2012-இல் நின்றபோது, குத்தகைக்கு விட்டவர்கள் தங்கள் விமானங்களை மீட்கப் படாதபாடு பட்டார்கள். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது, அடுத்த ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் பதிவுகள் நீக்கப்பட்டன. பதிவு நீங்கியதும் வாலில் உள்ள ‘விடி’ என்ற இந்திய அடையாளம் போகிறது. அதோடு தகுதிச் சான்றிதழும் போகிறது. எந்த நாட்டிலும் பதிவில்லாத விமானத்துக்குக் குடியுரிமை இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் பதிவு செய்யவும் உடன்படிக்கை விடாது. ஆகவே இந்தியா நீக்கி, புதிய நாடு பதிவு செய்து, அந்த நாட்டின் சார்பில் ஒருவர் இங்கே வந்து மாதக்கணக்கில் வெயிலில் நின்ற விமானத்தைப் பார்த்து, அதன் பிறகே சிறப்பு அனுமதி. இதற்குள் நிறுத்துமிட வாடகை ஏறிக்கொண்டே போகும்.

அனுமதிகள் எல்லாம் சரியாக இருந்தும் விமானம் விழுந்திருக்கிறது. 1995 பிப்ரவரி 16 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில், நான்கு எஞ்சின் கொண்ட டி.சி.-8 ஒன்று, மூன்று எஞ்சினோடு பழுதுபார்க்கக் கிளம்பியது. நான்கில் ஒன்று வேலை செய்யாதபோது காலியாகப் பறக்க அமெரிக்க விதி இடம் தருகிறது. ஓடுபாதையிலேயே திசைக் கட்டுப்பாட்டை இழந்து விழுந்ததில் உள்ளே இருந்த மூவரும் இறந்தார்கள். மூன்று எஞ்சினோடு மேலெழும்பும் முறையை விமானக் குழு சரியாகப் புரிந்துவைத்திருக்கவில்லை என்று விசாரணை கண்டது. இயந்திரத்தின் குறையைக் காகிதம் கணக்கில் எடுத்திருந்தது. ஓட்டுபவரின் குறையை எடுக்கவில்லை. இத்தகைய பயணத்துக்கு அந்த ரக விமானத்தில் நல்ல அனுபவம் உள்ளவரைத்தான் அனுப்ப வேண்டும். யாருக்கு ஓய்வு நாள் என்று பார்த்து அனுப்பும் வேலை அல்ல.

காப்பீட்டையும் மறக்கக் கூடாது. பெரும்பாலான பாலிசிகள் செல்லுபடியாகும் தகுதிச் சான்றிதழைக் கேட்கும். சிறப்பு அனுமதியோடு பறப்பதை காப்பீட்டு நிறுவனம் எழுத்தில் ஏற்காவிட்டால், எல்லா நாடுகளும் கதவைத் திறந்தாலும் விமானம் காப்பீடு இல்லாமல்தான் பறக்கும். இடையில் வேறு நிலையத்தில் இறங்க நேர்ந்தால் அனுமதி அங்கேயே முடிந்துவிடுமா, தொடருமா என்பதையும் கிளம்பும் முன்பே எழுதி வாங்குவது நல்லது.

இத்தனை கதவுகளையும் தட்ட விருப்பமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பயிற்சிப் பள்ளிகள் வாங்கும் சிறு விமானங்கள் பல இறக்கையைக் கழற்றி, கன்டெய்னரில் கப்பல் ஏறித்தான் வருகின்றன. பெட்டிக்குள் இருக்கும்போது அது விமானம் அல்ல, சரக்கு. எந்த நாட்டு வான்வெளியும் அதைக் கேள்வி கேட்காது. துறைமுகத்தில் சுங்கம் முடித்து, லாரியில் ஊருக்கு வந்து, இறக்கை பூட்டி, சோதித்து, இந்தியத் தகுதிச் சான்றிதழ் வாங்கிய பிறகு நேராகப் பயிற்சிக்குப் போய்விடும். பறந்து வந்திருந்தால் சில நாள் வேலை, இப்படி வந்தால் சில மாத வேலை. பெரிய விமானங்களுக்கு இந்த வழி கிடையாது. சிறியவற்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பல நேரம் கப்பல்தான் மலிவு.